வாசல் பார்த்த அம்மாள்

"வாடகைக்கு விட்ட கடைக்குள்ள போனா கூரையைப் பாரு, தரையைப் பாரு, அவங்க சாமியை மட்டும்..." என்று என் பெரிய மாமா ஒரு வாக்கியம் சொல்வார். திருச்சியில் அவருக்கு நாலு கடைகள் வாடகைக்கு இருந்தன. வாக்கியம் "பாக்காதே" என்று முடியுமா, "தொடாதே" என்றா, "பேசாதே" என்றா என்பது எனக்கு மறந்துவிட்டது. அந்தக் கடைசிச் சொல் வருவதற்கு முன்னாலேயே எழுந்து போயிருப்பேன். ஆக்லாந்தில் பதினாறு வருஷம் நான் பார்த்த தொழிலில், மறக்கக் கூடாத சொல் அது ஒன்றுதான்.

கடைக்கட்டடங்களை அவற்றின் சொந்தக்காரர்கள் சார்பில் பார்த்துக்கொள்ளும் கம்பெனி ஒன்றில் நான் மேனேஜர். ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு கடைக்குள்ளும் போய், தீயணைப்பான் இருக்கிறதா, பின்கதவு திறக்கிறதா, புகைபோக்கியில் எண்ணெய் எத்தனை அங்குலம் என்று ஒரு படிவத்தில் குறித்து வர வேண்டும். வீட்டுக்காரருக்கும் குடியிருப்பவருக்கும் நடுவில் நின்று இரண்டு பக்கமும் வாங்கிக் கட்டிக்கொண்டவர்களுக்கு இந்த வேலையை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்கு ஒன்று சொல்கிறேன்: கடைக்காரர்கள் நம்மைப் பார்த்ததும் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பை நமக்கானது என்று நம்பிவிட்டால் என் கதிதான்.

என் பொறுப்பில் தாய்லாந்துக்காரர்களின் கடைகள் நிறைய இருந்தன. அவர்களும் நானும் பேசியது இங்கிலீஷ். பள்ளியில் பாதி தமிழிலும் பாதி இங்கிலீஷிலும் படித்த மண்டை என்பதால், கேட்டதெல்லாம் உள்ளே தமிழாகத்தான் தங்கியிருக்கிறது. அப்படியே தருகிறேன்.

மஞ்சள் சோடா

நான் அவளை முதலில் பார்த்தது மங்கரே என்ற புறநகரில், விமான நிலையத்துச் சரக்குக் கிடங்கு ஆட்கள் மதியம் சாப்பிட வரும் ஒரு தாய்லாந்துக் கடையில். கல்லாவுக்கு மேலே ஒரு பலகை. அதில் ஒரு சாண் உயரச் சிலை: மண்டியிட்டு உட்கார்ந்த பெண், தலையில் கிரீடம், சிவப்புப் பட்டு, மடியில் பொன்மூட்டை. வலது கையைத் தூக்கி "வாங்க, வாங்க" என்று யாரையோ கூப்பிடுகிறாள். நாங் குவாக் என்று பெயராம். கையசைத்துக் கூப்பிடும் அம்மாள். பெரிய கோயில் தெய்வம் ஒன்றுமில்லை, கடைத்தெருக்காரர்களின் சொந்த அம்மாள்.

அவள் முன்னால் ஒரு மஞ்சள் சோடா பாட்டில், மூடி திறந்து, உறிஞ்சுகுழல் போட்டு வைத்திருந்தது. எறும்பு வருமே என்று படிவத்தில் எழுதலாமா என யோசித்தபடி, "தினமும் இதுதான் வைப்பீங்களா?" என்று கேட்டேன். கடைக்காரர் காலி மேஜைகளை ஒரு சுற்றுப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"தினமும் சிவப்புதான். இன்னிக்கு சிவப்பு தீர்ந்துபோச்சு, மஞ்சள் வெச்சேன். காலையிலேர்ந்து உள்ளே வந்தது நீங்க ஒருத்தர்தான்."

பல்லிக்கு உத்தியோகம்

அதே வரிசையில் மூன்று கடை தள்ளி ஒரு முடிதிருத்தும் நிலையம். அதன் உரிமையாளர் ஓர் இளம் தாய்லாந்துப் பெண். கல்லாப் பெட்டிக்குள் பித்தளையில் ஒரு பல்லி வைத்திருந்தாள். அதற்கு இரண்டு வால். இரட்டை வால் பல்லி இருக்கிற கடைக்கு வாடிக்கையாளர் ஒட்டிக்கொண்டு வருவார்கள் என்று அவள் ஊரில் நம்பிக்கை. துறவி ஒருவர் மந்திரித்துக் கொடுத்ததாம்.

பல்லி என்றதும் எனக்கு உற்சாகம் வந்துவிட்டது. எங்கள் ஊரில் பல்லிக்குத் தனி சாஸ்திரமே உண்டு, தலையில் விழுந்தால் ஒரு பலன், தோளில் விழுந்தால் ஒரு பலன், நாம் எதையாவது பேசும்போது சுவரிலிருந்து அது சத்தம் கொடுத்தால் பேச்சு உறுதி என்று ஐந்து நிமிஷம் பிரசங்கம் செய்தேன். "சரி, கடைக்கு அது என்ன செய்யும்?" என்றாள். "ஒன்றும் செய்யாது, சுவரிலே உட்கார்ந்து ச்சு ச்சு என்று சொல்லும்" என்றேன். அவள் வாடிக்கையாளரின் தலையிலிருந்து கத்தரிக்கோலை எடுக்காமலே சொன்னாள்:

"அப்போ உங்க பல்லி உங்க ஆபீஸ்லதான் வேலை பாக்குது."

கோவிந்தசாமியின் கழுத்து

எங்கள் கம்பெனிக்கு மின்வேலை செய்பவர் கோவிந்தசாமி. ஃபிஜியில் பிறந்தவர், கொள்ளுத்தாத்தா காலத்தில் நம் பக்கத்திலிருந்து கரும்பு வெட்டப் போன குடும்பம். தமிழில் அவருக்கு முருகா, வணக்கம், சாம்பார் மூன்றும் தெரியும். மற்றதெல்லாம் ஃபிஜி இந்தியும் இங்கிலீஷும். என்னை இந்தியில் "பையா", அதாவது அண்ணா, என்றுதான் கூப்பிடுவார். ஏணியில் ஏறும்போது அவர் சட்டைக்குள்ளிருந்து இரண்டு விஷயங்கள் வெளியே வந்து ஆடும். ஒன்று முருகன் டாலர். இன்னொன்று கண்ணாடிக் கூட்டுக்குள் களிமண் வில்லையில் ஒரு புத்தர்.

புத்தர் எங்கே வாங்கியது என்று கேட்டேன். "வாங்கினதுன்னு சொல்லாதீங்க பையா, தாய்லாந்துக்காரங்க கோவிச்சுப்பாங்க. வாடகைக்கு எடுத்ததுன்னு சொல்லணும். சாமியை யாரும் சொந்தமா வாங்க முடியாதாம்" என்றார். உண்மைதான், அவர்கள் அப்படித்தான் சொல்வார்கள் என்று பிறகு பலரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். என் பிழைப்பே வாடகை. ஆனாலும் அந்தச் சொல்லில் இவ்வளவு பணிவு இருக்க முடியும் என்று எனக்கு அதுவரை தோன்றியதில்லை. ஏற்கெனவே முருகன் இருக்கும்போது இவர் எதற்கு என்று கேட்டதற்குக் கோவிந்தசாமி ஏணியிலிருந்தே பதில் சொன்னார்:

"முருகன் வேலைக்கு, பையா, கரண்ட் அடிக்காம பாத்துக்குவார். இவர் பில் பணத்துக்கு."

இரண்டு தீயணைப்பு வண்டிகள்

வெஸ்ட்கேட் என்ற பகுதியில் எல்லாமே புதுக் கட்டடம். கூரையில் இருக்கும் புகை உணர்வான்களுக்கு மூக்கு ரொம்ப நீளம். ஒரு தாய்லாந்துத் தம்பதி அங்கே காபிக் கடை திறந்தார்கள். திறப்பு நாளன்று கையசைக்கும் அம்மாளைச் சரியாக ஓர் உணர்வானுக்கு நேர் கீழே வைத்து, ஒன்பது ஊதுபத்தி ஏற்றிவிட்டார்கள். அலாரம் அலறி, மொத்த வளாகமும் காலியாகி, இரண்டு தீயணைப்பு வண்டிகள் வந்து நின்றன. இருநூறு பேர் நடைபாதையில் குளிரில் நடுங்கிக்கொண்டு நின்றார்கள்.

நான் காரில் போய் இறங்கும்போது ஆபத்து ஒன்றுமில்லை என்று தீயணைப்புக்காரர்களே அந்தக் கடையில் காபிக்கு வரிசையில் நிற்கிறார்கள். பின்னால் மற்றவர்கள். இடமே இல்லை. நான் கடுமையான முகத்தை வைத்துக்கொண்டு ஊதுபத்தி கூடாது என்று எழுதிக் கொடுத்தேன். கணவர் அதை மரியாதையாக வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு, அம்மாளை நிமிர்ந்து பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு என்னிடம் சொன்னார்:

"இவ்வளவு பெரிய கை இவளுக்கு இருக்குன்னு எனக்கே இன்னிக்குத்தான் தெரியும்."

தெற்குப் பார்த்த கடை

இதுவரை சொன்னதெல்லாம் விருந்துகளில் சொல்லி நான் கைதட்டல் வாங்கியவை. இனி வருவதை எந்த விருந்திலும் சொன்னதில்லை.

ஏவன்டேலில், ரயில் நிலையத்திலிருந்து கொஞ்சம் தள்ளி, பிம் என்ற தாய்லாந்துப் பெண்மணி ஒரு சின்னச் சாப்பாட்டுக் கடை நடத்தினார். ஆறு மேஜை. என்னைவிட நாலைந்து வயது பெரியவர். பலருடைய சமையலறைகளில் பத்து வருஷம் பாத்திரமும் கரண்டியுமாக இருந்துவிட்டு ஆரம்பித்த சொந்தக் கடை. குத்தகை முடிய ஒன்றரை வருஷம் இருந்தது. நீட்டிப்புக் கிடைக்குமா என்பதுதான் அவருக்கு எப்போதும் கவலை. "இது போனா மறுபடியும் இன்னொருத்தர் அடுப்புக்கு முன்னாடிதான் நிக்கணும், மிஸ்டர் கோபி" என்பார். நான் போனால் கேட்காமலே ஒரு கிண்ணம் சூப் வரும்.

கடைக்குத் தெற்குப் பார்த்த வாசல். பூமத்திய ரேகைக்குத் தெற்கே இருக்கும் அந்த ஊரில் தெற்கு என்றால் வெயில் எட்டிப்பார்க்காத பக்கம். அம்மாளும் வாசலைப் பார்த்து, அதாவது தெற்குப் பார்த்து, தெருவைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். சூப் குடித்த திருப்தியில் நான் மேலே பார்த்து, "எங்க ஊர்ல சாமியைத் தெற்குப் பார்த்து வைக்க மாட்டோம். கிழக்குப் பார்த்து வெச்சா நல்லது" என்றேன். ஒரே தெருக்காரர்கள் பேசிக்கொள்வதைப் போலத்தான் சொன்னேன். ஆனால் கம்பெனி பெயர் போட்ட சட்டை என் மேல் இருந்தது, படிவம் கையில் இருந்தது. பிம் சிரிப்பை நிறுத்திவிட்டுக் கேட்டார்: "கட்டடத்துக்கு நல்லதா?" நான் வேடிக்கையென்று நினைத்து, "எல்லாருக்கும் நல்லது" என்றேன். ஆறு மாதம் கழித்துப் போனபோது பலகை கிழக்குப் பார்த்துத் திருப்பி அடிக்கப்பட்டிருந்தது. அம்மாள் இப்போது குளிர்பானப் பெட்டியையும் கழிவறைக் கதவையும் பார்த்துக் கையசைத்துக்கொண்டிருந்தாள். எனக்குப் பெருமையாக இருந்தது என்பதையும் எழுதிவிடுகிறேன். பிம் கைகளைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

"நீங்க சொன்ன மாதிரியே செஞ்சுட்டேன். ரிப்போர்ட்ல எழுதிக்குங்க."

கமலாவின் சிரிப்பு

ஆபீஸில் என் பக்கத்து மேஜையில் கமலா. ஈப்போவில் பிறந்த மலேசியத் தமிழச்சி, பேச்சில் அங்கங்கே ஒரு "லா" விழும்; தாய்லாந்து எல்லையிலிருந்து நாலு மணி நேரத் தொலைவில் வளர்ந்தவர். நம் பேச்சுக்கு இவ்வளவு மதிப்பா என்ற பூரிப்பில் மதியச் சாப்பாட்டின்போது அவரிடம் இந்தக் கதையைச் சொன்னேன். கமலா முதலில் சிரித்தார். அப்புறம் கரண்டியைக் கீழே வைத்தார்.

"ஐயோ கோபி, என்னா லா செஞ்சீங்க? வாசலைப் பார்த்து உக்காந்து ஆளைக் கூப்புடுறதுதான் அந்தம்மாவுக்கு வேலையே. நீங்க அவளை டாய்லெட்டைக் கூப்புட வெச்சுட்டீங்க!"

பஸ் நிறுத்தம்

அம்மாளின் வேலை என்னவென்று எனக்கு மங்கரேயிலேயே தெரியும். அம்மாள், சாமி, திசை என்று என் தலைக்குள் ஒரு தடம் இருக்கிறது. வாய் அதிலேயே ஓடிவிட்டது. அன்று மாலையே ஏவன்டேலுக்குப் போயிருக்கலாம், காரில் இருபது நிமிஷம். தப்பாகச் சொல்லிவிட்டேன் என்று சொல்ல வெட்கம். அடுத்த இன்ஸ்பெக்ஷனில் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டேன்.

அந்த இடைவெளியில் குழாய் பதிக்கிறேன் என்று பிம்மின் கடைக்கு முன்னால் நடைபாதையைத் தோண்டினார்கள். கடை வாசலிலேயே இருந்த பஸ் நிறுத்தம் சிக்னலுக்கு அந்தப் பக்கம் போயிற்று. மாலையில் பஸ்ஸிலிருந்து இறங்கிப் பொட்டலம் வாங்கிப் போகிற கூட்டம் இறங்கும் இடமே மாறிவிட்டது. எந்த அம்மாள் எந்தப் பக்கம் பார்த்திருந்தாலும் இதுதான் நடந்திருக்கும் என்று எனக்கு நானே பல தடவை நிரூபித்திருக்கிறேன். நான் போன அன்று பகல் ஒரு மணிக்கு ஆறு மேஜையும் காலி. எனக்கு வந்த சூப் மட்டும் வழக்கம்போல நிறைய இருந்தது. பிம் எதிரே உட்கார்ந்து தெருவைப் பார்த்தார்.

"ரோடு வேலை முடிஞ்சா பஸ் திரும்பி வரும்னு சொல்றாங்க. அவங்களும் உங்க கம்பெனியா?"

கம்பெனித் தாள்

அன்றைக்குத்தான் சொன்னேன். அம்மாளைப் பழையபடி வாசல் பார்த்து வைத்துவிடுங்கள், நான் சொன்னது என் ஊர் வழக்கம், உங்கள் அம்மாளுக்குப் பொருந்தாது, மன்னியுங்கள் என்றேன். பிம் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். பிறகு, "எழுத்துல குடுப்பீங்களா?" என்றார். எனக்குப் புரியவில்லை. "திருப்பச் சொன்னது சொந்தக்காரர் இல்லையா? நீட்டிப்பு நேரத்துல நானா மாத்திட்டேன்னு ஆகக் கூடாது." நான் என் பெயரில் வெள்ளைத் தாளில் எழுதித் தருகிறேன் என்றேன். கம்பெனித் தாளாக இல்லாவிட்டால் செல்லாது என்றார். நானே திருப்பிவிடலாம் என்று எழுந்து கையை நீட்டினேன். பிம் குறுக்கே வந்து நின்றுவிட்டார். அம்மாளின் தலைக்கு மேல் வெளியாள் கை போகக் கூடாதாம்.

ஆபீஸில் என் மேலதிகாரியிடம் போய், ஒரு வரிக் கடிதம் வேண்டும் என்றேன். நல்ல மனுஷன். முழுக் கதையையும் கேட்டார், சிரிக்கவில்லை. "நம்ம படிவத்துல சாமிக்குக் கட்டம் இல்லை, கோபி. திருப்பச் சொல்லி நாம எழுதலை. அதனால திருப்பலாம்னும் எழுத முடியாது" என்றார். தர்க்கத்தில் ஓட்டை இல்லை. மறுபடி ஏவன்டேலுக்குப் போய், கடிதம் தேவையில்லை, யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள், தைரியமாகத் திருப்புங்கள் என்று கெஞ்சாத குறையாகச் சொன்னேன். பிம் என் கையைத் தட்டிக் கொடுத்தார், சின்னப் பிள்ளையைச் சமாதானம் செய்வதைப் போல.

"நீட்டிப்புல கையெழுத்து ஆகட்டும், அன்னிக்கே திருப்பிடறேன். அது வரைக்கும் அவ பொறுத்துக்குவா, மிஸ்டர் கோபி."

மூன்று கட்டங்கள்

குத்தகை நீட்டிப்புக்கு முன் சொந்தக்காரருக்கு நான் ஒரு பக்க அறிக்கை கொடுக்க வேண்டும். அதில் "வியாபாரம்" என்ற தலைப்பில் மூன்று கட்டங்கள்: ஏறுமுகம், நிலை, இறங்குமுகம். ஒன்றில் குறி போட வேண்டும். கீழே "காரணம்" என்று இரண்டு வரி. ஒரு வாரம் அந்தத் தாள் என் மேஜையிலேயே கிடந்தது. அதை எடுப்பதும் கீழே வைப்பதுமாக இருந்ததைப் பார்த்துவிட்டு, "நிலைன்னு போடுங்க லா, யார் வந்து மேஜையை எண்ணப் போறா?" என்றார் கமலா.

நான் இறங்குமுகத்தில் குறி போட்டேன். பொய் எழுதிப் பழக்கமில்லை என்று அப்போது சொல்லிக்கொண்டேன். காரணம் என்ற இடத்தில் முதல் வரியில் பஸ் நிறுத்தம் மாற்றப்பட்டதை எழுதினேன். இரண்டாவது வரியைக் காலியாக விட்டேன். ஆக, பொய் எழுதவில்லை, உண்மையையும் முழுசாக எழுதவில்லை. சொந்தக்காரர் குறியை மட்டும் பார்த்தார். பிம்மின் கடையையும் பக்கத்துக் கடையையும் நடுச்சுவர் இடித்து ஒன்றாக்கி மருந்துக்கடைக்கு விடும் யோசனை அவருக்கு ஏற்கெனவே இருந்திருக்கிறது. நீட்டிப்பு இல்லை என்ற கடிதம் கம்பெனித் தாளில் அழகாகப் போயிற்று. மேலதிகாரி என் மேஜைப் பக்கம் வந்து தோளைத் தட்டினார்.

"கச்சிதமான ரிப்போர்ட், கோபி. மத்தவங்களும் இப்படி எழுதினா எவ்வளவு நல்லா இருக்கும்."

சாவி

காலி செய்கிறவர்கள் கடையை வாங்கும்போது இருந்தபடியே ஒப்படைக்க வேண்டும் என்பது விதி. பிம் பலகையைக் கழற்றி, சுவரிலிருந்த திருகாணி ஓட்டைகளைத் தானே அடைத்து, மேலே வெள்ளை அடித்திருந்தார். அடைத்த இடம் தெரியவே இல்லை. புகைபோக்கியில் ஒரு சொட்டு எண்ணெய் கிடையாது. என் பதினாறு வருஷத்தில் எல்லாக் கட்டங்களிலும் குறி விழுந்த ஒரே ஒப்படைப்பு அது.

வாசலில் அவர் கார் நின்றது. முன்சீட்டில் ஒரு காய்கறி அட்டைப்பெட்டி, அதற்கு சீட்பெல்ட் போட்டிருந்தது. துண்டு சுற்றிய அம்மாளின் கை மட்டும் பெட்டிக்கு மேலே தெரிந்தது. மறுநாளிலிருந்து வெஸ்ட்கேட்டில் ஒருவரிடம் சமையல் வேலை என்றார். ஞாயிற்றுக்கிழமைகளில் ஏவன்டேல் சந்தையில் ஒரு கூடாரம் போட்டு நூடுல்ஸ் விற்க முடியுமா என்று விசாரித்திருக்கிறாராம். எனக்கு என்னவோ சொல்ல வேண்டும் போல இருந்தது. "உங்க கடை போனதுல என் பங்கும்..." என்று இங்கிலீஷில் ஆரம்பித்தேன், அது பாதியிலேயே நின்றுவிட்டது. பிம் சாவிக்கொத்தை இரண்டு கையாலும் மரியாதையாக நீட்டினார். நான் வாங்கிக்கொண்டதும், கோபமே இல்லாமல், உண்மையாகவே தெரிந்துகொள்ள வேண்டும் என்ற குரலில் கேட்டார்:

"சந்தைக்கு நீங்க இன்ஸ்பெக்ஷன் வர மாட்டீங்கதானே, மிஸ்டர் கோபி?"

அடுத்தவர் கடையில் எது எங்கே இருக்கக் கூடாது என்று சொல்லிச் சொல்லியே பதினாறு வருஷம் சம்பளம் வாங்கிய நான், அதற்கு அடுத்த திங்கட்கிழமை வேலையை விடுவதாக எழுதிக் கொடுத்துவிட்டேன்.